மாதாவின் கட்டைவிரல்

நான் ரயிலில் கார்டாக இருந்த காலத்தில் ரவாங் வண்டி ஒரு நிமிடம் பிந்தினால் தண்டவாளமே என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்கும். ஸ்டானிஸ்லாஸ் வருகிறான் என்றால் கிள்ளான் ஆற்று முதலைகள் தலையைத் தூக்கி வணக்கம் வைக்கும். இதையெல்லாம் நம்பாத ஒரே ஆள் என் மனைவி கெர்ட்ரூட். நான் எதைச் சொன்னாலும் பாதியாக வகுத்து, மிச்சத்திலும் கொஞ்சம் கழித்துத்தான் காதில் போட்டுக்கொள்வாள். புலி பார்த்தேன் என்றால், "பூனைன்னு வச்சுக்கிறேன், சாப்பிட வாங்க" என்பாள்.

அந்தக் கெர்ட்டியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கோயில் பொருட்களை வைத்திருக்கும் மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். அன்று பிற்பகலே அவள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கிறார்கள். சர்க்கரை முதலில் அவள் கண்ணைப் பிடித்தது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும்தான் தெரியும். பிறகு அந்தக் காலின் கட்டைவிரலை வாங்கிக்கொண்டது. அதுவும் போதாமல் காலையே கேட்கிறது.

கெர்ட்டி கேட்டது ஒன்றுதான். "அறுக்கறதுக்கு முன்னாடி எங்க மாதா வெரல ஒரு தடவ தொட்டுட்டு வந்துடறேன்."

பந்திங் பக்கத்தில் அவள் பிறந்த ரப்பர் எஸ்டேட்டின் சின்னக் கோயிலில் இருந்த மரச் சுரூபம்தான் அந்த மாதா. பால்மரம் சீவப் போகும் பெண்கள் அதன் இடது கால் கட்டைவிரலைத் தடவி, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வேலைக்கு இறங்குவார்கள். தடவித் தடவி விரல் கரைந்துபோய் அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. கைப்பெருவிரல் அதில் வாகாக உட்காரும். எங்கள் கல்யாணத்தன்று நானும் வைத்துப் பார்த்தேன். விரல் மாட்டிக்கொண்டு அரை நாள் வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தும்மல் போடுகிற நேரம் என்று கெர்ட்டி திருத்தினாள். பிறகு எஸ்டேட்டை விற்றார்கள், கோயில் போயிற்று, மாதா மியூசியத்துக்கு வந்தாள். தன் விரலை எடுத்தபோது கெர்ட்டி அழவில்லை. "மாதாவுக்கே இல்லாத வெரல், எனக்கு எதுக்கு" என்று சொல்லி டாக்டரையே திகைக்கவைத்தாள்.

மியூசியத்தில் டீனா என்ற இளம்பெண் எங்களோடு வந்தாள். சம்பளம் வாங்காமல் உதவி செய்கிறவளாம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வெள்ளிக் கிண்ணங்களும் சரிகை போட்ட பூசை உடைகளும் இருந்தன. நான் கெர்ட்டிக்குக் கண்ணாக இருந்து எல்லாவற்றையும் ஊதிப் பெருக்கினேன். நற்கருணை வைக்கும் கதிர்பாத்திரம் லோரிச் சக்கரம் அத்தனை பெரிசு என்றேன். சாப்பாட்டுத் தட்டு என்று எடுத்துக்கொண்டாள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த அறையில் மாதா நின்றாள்.

மெழுகுவர்த்திப் புகையேறிக் கறுத்திருந்த முகத்தைத் துடைத்துச் சிவப்பாக்கியிருந்தார்கள். அங்கிக்குப் புது நீலம், ஓரத்தில் தங்கக் கரை. பாதத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் முழுசாக, நகத்தோடு, நேற்றுப் பிறந்த பிள்ளையின் விரல் மாதிரி பளபளவென்று இருந்தது. சேதமான பாகங்கள் சீர் செய்யப்பட்டன என்று பக்கத்திலேயே அட்டை.

"இருக்காளா?" என்றாள் கெர்ட்டி.

"இருக்கா."

"வெரலு?"

முன்னால் கண்ணாடி இருக்கிறது, அவளால் தொட முடியாது என்ற தைரியத்தில் வாயைத் திறந்தேன். "அப்படியே இருக்கு. குழி இன்னும் ஆழமாயிடுச்சு. ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம். ஆனா கண்ணாடி போட்டுட்டாங்க, கெர்ட்டி."

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கை கண்ணாடியில் பட்டு அங்கேயே நின்றது. டீனா அந்தக் கையைப் பார்த்தாள், கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், மியூசியத்துக்குப் பொறுப்பான பாதரைக் கேட்டு வருகிறேன் என்று நகர்ந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். டிக்கெட் இல்லாதவனையெல்லாம் இறக்கிவிடாமல் விட்ட நான், ரூல்ஸ்தான் முக்கியம், ஒருத்தருக்காக மாற்றக் கூடாது என்று கெஞ்சினேன். அவள் அதை என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள்.

"பரவால்ல லா அங்கிள், பாதர் ஓகே சொல்லிட்டாரு" என்று சாவியோடு வந்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. கெர்ட்டியின் பெருவிரல் மாதாவின் பாதத்தில் ஊர்ந்து வந்து, குழி இருக்க வேண்டிய இடத்தில் நகத்தின்மேல் வழுக்கியது. திரும்பப் போய் மறுபடி வந்தது. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பழைய வெரல் ரொம்ப டேமேஜ், ஆன்டி" என்றாள் டீனா, சந்தோஷமாக. "புதுசா செஞ்சு வச்சிருக்கோம்."

கெர்ட்டியின் விரல் அந்த நகத்தின்மேலேயே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "மாதாவுக்கு வெரல் மொளச்சிடுச்சு."

விரலை எடுத்துக்கொண்டாள்.

"அவளுக்காச்சும் வந்துச்சே."

கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் மடியில் போட்டுக்கொண்டாள். கிளம்பலாம் என்று நாற்காலியைப் பிடித்தேன். அவள் மறுபடி கையை நீட்டி, அந்தப் புது விரலை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள், பாத்திரத்தில் பிடித்த கறையைத் தேய்ப்பது போல. டீனா தடுக்கக் கையெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டாள். கெர்ட்டிக்கு மூச்சு வாங்கியது. அதன் பிறகுதான் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றினாள்.

போனில் கூப்பிட்ட கிராப் கார் நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது. "எலுமிச்சம்பழமாம்" என்றாள், சிரிக்காமல். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

கொஞ்சம் போனதும் என் கையைத் தேடிப் பிடித்தாள். "வெளிய ஜாமா?"

சாலை துடைத்துவிட்டது போலக் காலியாகக் கிடந்தது. எல்லா விளக்கும் பச்சை. திறந்திருந்த ஜன்னல் வழியே காற்று அடித்து அவள் முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது.

"பெரிய ஜாம்" என்றேன். "ரவாங் வரைக்கும் நிக்குது."

கெர்ட்டி வகுக்கவில்லை.

"அப்ப நேரம் இருக்கு" என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள்.