யானைக்கு எடுத்து வைத்த ஆப்பிள்

அமெரிக்காவின் மிசௌரியில் எங்கள் பக்கத்து மக்கள் அந்தக் காலத்தில் ஒன்று சொல்வார்கள். ஆசை ஆசையாய் ஒரு காரியத்துக்குப் புறப்பட்டு, பட்டது போதும் என்று ஆகிவிட்டால், ‘யானையைப் பார்த்தாச்சு’ என்பார்கள். ஓரிகனில் நிலம் கிடைக்கிறது என்று மேற்கே கிளம்பிப் பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் யானையைப் பார்த்தவர்கள்தான். நிஜ யானையை எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

புறப்படுவதற்கு முந்தின மாலை என் கணவர் லெமுவேல் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போக மனமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“கெசியா, நீ என்னைக்கு யானையைப் பார்த்துட்டேன்னு சொல்றியோ, அந்த நிமிஷமே மாட்டைத் திருப்பிடுவேன். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

“சத்தியமா?”

“பைபிள் மேல சத்தியம்.”

“பைபிள் பெட்டிக்கு அடியில கெடக்கு. எடுத்துட்டு வந்து கைய வச்சுச் சொல்லுங்க.”

“அத்தனை சாமானையும் இறக்கச் சொல்றியா? வாய்ச் சத்தியம் போதும், போ.”

அந்தப் பயணத்தை நினைத்தால் முதலில் எனக்கு வருவது ஆட்டம்தான். இப்போதும் சில மதியங்களில் நாற்காலியில் கண் அயரும்போது அறை மெல்ல ஆடுகிறது. கித்தான் கூண்டுக்குள் வெயில் பாலாய் வடிந்து இறங்கும். அச்சுக்கடியில் கட்டித் தொங்கவிட்ட வாளியில் காலையில் ஊற்றிய பால், வண்டி குலுங்கிய குலுக்கலில் மாலைக்குள் வெண்ணெய் திரண்டிருக்கும். புல் காற்றில் சாயும்போது, நாங்கள் நிற்கிறோம், பூமிதான் நகர்கிறது என்று தோன்றும். பக்கத்திலேயே பிளாட் ஆறு வந்தது. வந்தது என்று சொல்லக்கூடாது. நாங்கள் மேற்கே போக, அது நாங்கள் விட்டு வந்த ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வரும்.

எங்கள் ஒரே மகள் டோர்க்காஸுக்கு அப்போது ஐந்து வயது. பெரியவர்கள் யானை யானை என்று பேசுவதைக் கேட்டு, வழியில் எங்கோ அது நிற்கிறது என்று நம்பிவிட்டாள். அடுப்பெரிக்கக் காட்டெருமைச் சாணம் பொறுக்கப் போனால், ஒவ்வொரு வரட்டியையும் தூக்கிக் காட்டுவாள்.

“இது யானை போட்டதாம்மா?”

“யானை போட்டா நீ தூக்க முடியாதுடி.”

ஒருநாள் எதிரே ஒரு வண்டி கிழக்கு நோக்கி வந்தது. ஓட்டி வந்தவர் தாடிக்காரர். அவர் பக்கத்துப் பலகையில் ஒரு பெண்ணின் வெயில் தொப்பி மட்டும் இருந்தது.

“என்ன அண்ணே, திரும்பிட்டீங்க?” என்றார் லெமுவேல்.

“யானையைப் பார்த்தாச்சு, தம்பி.”

டோர்க்காஸ் வண்டியிலிருந்து குதித்தே விட்டாள். “எவ்ளோ பெருசு?”

“பாதி வானத்தை அடைக்கும், கண்ணு. காது ஒவ்வொண்ணும் உங்க வண்டிக் கித்தான் அளவு.”

“அது என்ன சாப்பிடும்?”

அவர் அந்தத் தொப்பியைப் பார்த்தார். “எது கெடைச்சாலும் சாப்பிடும்” என்று சொல்லி மாட்டை முடுக்கினார்.

அன்று முதல் தன் பங்கு உலர்ந்த ஆப்பிளில் ஒரு துண்டை டோர்க்காஸ் சட்டைப் பையில் எடுத்து வைத்தாள். யானைக்கு.

காலரா எங்களோடு வந்த வண்டிக் கூட்டத்துக்குள் எந்த நீரிலிருந்து வந்தது என்று தெரியாது. காலையில் மாடு பூட்டிக்கொண்டிருந்த லெமுவேல், மதியம் கண் குழிந்து வண்டிக்குள் கிடந்தார். அவர் தலையை மடியில் வைத்திருந்தேன். கித்தான் வெளிச்சத்தில் அவர் முகம் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருந்தது.

“சொல்லிடு, கெசியா.”

“என்னத்தச் சொல்ல?”

“யானையைப் பார்த்துட்டேன்னு சொல்லு. திருப்பச் சொல்றேன். வாக்குக் குடுத்திருக்கேன்ல.”

“பைபிள் இன்னும் பெட்டிக்கு அடியிலதான் கெடக்கு. அந்த வாக்கு செல்லாது. தூங்குங்க.”

அவர் சிரித்தார். பொழுது சாயும் முன் போய்விட்டார்.

மறுநாள் விடியலில் வண்டித் தடத்தின் நடுவிலேயே குழி வெட்டினார்கள். எங்கள் வழக்கம் அது. எல்லா வண்டிகளும் மேலே ஏறிப் போனால் மண் இறுகிவிடும், ஓநாய்க்கு மோப்பம் கிடைக்காது. வண்டிகள் ஒவ்வொன்றாய்ப் போகப் போகப் புழுதி எழுந்தது. இளவெயில் அதற்குள் புகுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சாம்பல் நிறம் ஓர் உருவமாகத் திரண்டது. பாதி வானம். அசைகிற இரண்டு காதுகள். சத்தமே இல்லாமல் வந்து, எனக்கும் மேற்குக்கும் நடுவில் நின்றது.

எங்கள் கூட்டத்தை நடத்திய கேப்டன் ஸ்ட்ராட் குதிரையில் வந்தார்.

“ஆத்தங்கரையில ஒரு வண்டி கெழக்கே திரும்புதும்மா. உன்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போவாங்க. யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க. இப்பவே சொல்லணும். யானையைப் பார்த்தாச்சா?”

நான் வாயைத் திறந்தேன்.

“நாங்க இன்னும் பார்க்கவே இல்லையே!” வண்டியின் முன்பலகையில் நின்றபடி டோர்க்காஸ் கத்தினாள். “அப்பாகூடப் பார்க்காமலே போய்ட்டாரு. பார்க்காம எப்படித் திரும்புறது?”

அவள் கை சட்டைப் பையை இறுகப் பிடித்திருந்தது. கேப்டன் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றி, “சரிங்கம்மா” என்றார், என்னிடம் அல்ல, அவளிடம்.

எங்கள் வண்டிதான் கடைசி. தார்க்குச்சியை எடுத்து, இடப்பக்கத்து மாட்டின் அருகில் நின்றேன். லெமுவேல் மேல் நான்தான் ஓட்ட வேண்டும். சக்கரம் அந்த இடத்தில் ஏறி இறங்கியபோது வண்டி மெல்ல ஆடியது, தொட்டில் ஆடுவதுபோல. புழுதி விலகி வழி விட்டது.

ஓரிகனில் விலாமெட் பள்ளத்தாக்கில் எங்களுக்கு நிலம் கிடைத்தது. ஆப்பிள் வைத்தோம். டோர்க்காஸ் அங்கேயே வளர்ந்தாள், மணம் முடித்தாள். போன மார்ச்சில் அவளும் போய்விட்டாள். வீட்டில் இப்போது நான் மட்டும்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும்போது ஓரிகனிலேயே இருக்கிற சேலம் நகரத்துக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. யானை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று கேட்டதும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். பையில் எங்கள் தோட்டத்து ஆப்பிள் இரண்டு. காலில் சங்கிலியோடு அது நின்றது. டோர்க்காஸ் வெகுநேரம் பார்த்தாள்.

“இது இல்லம்மா” என்றாள்.

“ஆமா. இது இல்ல.”

சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “அப்போ நீ பார்த்திருக்கே!”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யானை துதிக்கையை நீட்டி, அவள் பையிலிருந்த ஆப்பிளைத் தானே எடுத்துக்கொண்டது.