சோப்பு டப்பாவில் ரப்பர் மீன்

சோப்பு டப்பா திறக்கவில்லை. குணசுந்தரி நகத்தைக் கொடுத்து நெம்பினாள். மூடி நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே மீன்கள் இல்லை. பச்சையும் சிவப்பும் கலந்த ஒரு கூழ், அதில் அங்கங்கே வால்கள். டப்பாவின் அடிப்பக்கம் இளகி, மீன் வடிவத்தில் பள்ளம் விழுந்திருந்தது. மண்ணெண்ணெய் போல ஒரு வாடை.

யாரோ எதையோ ஊற்றியிருக்கிறார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அந்த ரப்பர் மீன்கள் அவள் புருஷனின் கூட்டாளி ஜலீலின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தவை. தூண்டில் முள்ளில் கோத்துத் தண்ணீரில் இழுத்தால் உயிர் மீனைப் போலவே வாலை ஆட்டும். கொடுவா மீன் பாய்ந்து வந்து கவ்வும். பழவேற்காடு ஏரியில் வலை கட்டப் பரம்பரை முறை உள்ள குடும்பங்கள் வேறு. ஜலீலுக்கும் அவள் புருஷன் வரதனுக்கும் அந்த முறை கிடையாது, தூண்டில்தான். தோணி ஜலீலுடையது, கைத்திறன் வரதனுடையது. எல்லாம் ஒரே வீட்டில் இருந்தால் கண் பட்டுவிடும் என்று மீன்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மழை முடிந்து முகத்துவாரம் திறந்ததும் எடுப்பதாகப் பேச்சு.

"தோணில கால் வெக்கவே எடமில்ல. மடியில செருகிக்கிற மாதிரி சின்னதா கட்டிக் குடு," என்று வரதன் சொல்லியிருந்தான். குணசுந்தரி கருவாடு அடுக்கிப் பழகியவள். மெல்லிய உறைகளையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு, பொன்னேரிச் சந்தையில் வாங்கிய சோப்பு டப்பாவில் தலைமாற்றி வால்மாற்றி, இண்டு இடுக்கு விடாமல் நெருக்கி அடுக்கினாள். ஒரு கூடைச் சாமான் உள்ளங்கையில் அடங்கியது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

இப்போது முகத்துவாரம் திறந்துவிட்டது. நாளை விடியலில் தோணி போகிறது.

போன வாரம் ஜலீலின் மனைவி மஸூதா வந்தாள். மீன்களை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். இவளும் மாடத்தைக் காட்டினாள். பிறகு இவள் குழாயடிக்குப் போய்க் குடம் நிரப்பி வரும்வரை மஸூதா வீட்டில் தனியாகத்தான் இருந்தாள்.

வரதனிடம் சொல்ல முடியாது. சொன்னால் நேராக ஜலீல் வீட்டு வாசலில் போய் நிற்பான். வாய் நீளும், தோணி கைவிட்டுப் போய்விடும். பழையபடி இறால் கம்பெனியில் ஐஸ் உடைக்கப் போகவேண்டும். விரல்கள் மரத்து, சோற்றைப் பிசைய முடியாமல் அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் மறக்கவில்லை.

டப்பாவை முந்தானையில் மறைத்துக்கொண்டு மஸூதா வீட்டுக்குப் போனாள்.

மஸூதா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "வா குணா. இன்னா, இந்த வெயில்ல?"

"சும்மாதான்க்கா. உங்க ரப்பர் மீனெல்லாம் நல்லாக்கீதா?"

முறம் நின்றது. "ஏன் கேக்கற?"

"கேக்கக்கூடாதா?"

"அன்னிக்கு மோர் வாங்க வந்தப்பவும் அதத்தான் கேட்ட. மோருக்கும் மீனுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"நீங்க மட்டும் எங்கூட்ல பூந்து பாக்கலியா?"

"பூந்தேனா? குந்துக்கான்னு சொல்லிட்டுக் கொடத்தத் தூக்கினு போனது யாரு?"

"நான் போனதும் இன்னாத்த ஊத்துனீங்க?" குணசுந்தரி டப்பாவை முறத்தின் பக்கத்தில் வைத்தாள்.

மஸூதா அதைப் பார்த்தாள். திட்டவில்லை. எழுந்து உள்ளே போய், அரிசிப் பானைக்குள் கைவிட்டு ஒரு சிவப்பு டப்பாவை எடுத்து வந்தாள். அதே சந்தை டப்பா. அதற்குள்ளும் அதே கூழ்.

"நீதான் ஊத்திட்டேன்னு நெனச்சினு இருந்தேன். அவர்கிட்ட சொல்லவும் பயம். அன்னிலேர்ந்து சோறு எறங்கல."

குணசுந்தரி நம்பவில்லை. "உங்கள்தயும் நீங்களே கெடுத்துக்கினு, என்ன ஏமாத்தலாம்ல?"

"பைத்தியமாடி உனக்கு? எங்க பொழப்புல நானே மண்ண அள்ளிப் போட்டுக்குவேனா? இந்த டப்பாதான் ஆகல குணா. டப்பாவும் ரப்பரும் ஒண்ண ஒண்ணு தின்னுருக்கு. ஒறையோட இருக்கறதெல்லாம் அப்டியேதான்..."

மஸூதா சட்டென்று நிறுத்தினாள்.

"எந்த ஒறை?" என்றாள் குணசுந்தரி.

மஸூதா முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எந்த ஒறைக்கா?"

மஸூதா டிரங்குப் பெட்டியைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். ஒவ்வொரு மீனும் அதனதன் கண்ணாடி போன்ற உறையில் படுத்திருந்தது. ஒன்றுகூட இளகவில்லை. வெள்ளி வயிறு, கறுப்பு முதுகு, பெரிய ஜாதி. குணசுந்தரி இவற்றைப் பார்த்ததே இல்லை.

"பங்கு பிரிக்கறப்ப இதெல்லாம் இல்லியே."

"இல்ல." மஸூதா தரையைப் பார்த்தாள். "பிரிக்கறதுக்கு முன்னாலயே அவருதான் தனியா எடுத்து வெக்கச் சொன்னாரு."

டப்பா மேல்தான் தப்பு என்பது இப்போது சந்தேகமில்லாமல் தெரிந்தது. குணசுந்தரிக்கு அதில் எந்த நிம்மதியும் வரவில்லை. அவள் உட்கார்ந்து ஒவ்வோர் உறையாக எடுத்துக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றினாள். வெற்றிலையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, துணியில் சுருட்டி நாடாவால் கட்டினாள். சோப்பு டப்பாவைவிடச் சிறியதாக வந்தது. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இனிமே இது எங்கூட்ல இருக்கும்."

"அவரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"டப்பா தின்னுடுச்சுன்னு சொல்லுங்க. பொய் இல்லியே."

வாசலைத் தாண்டும்போது மஸூதா பின்னாலிருந்து கேட்டாள்: "காலைல உங்கூட்டுக்காரரு ஒண்ணு விடாம எல்லாத்தயும் எடுத்தாருவாரா?"

குணசுந்தரி நின்றாள். "எடுத்தாருவாரு," என்றாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை மஸூதா வாசலிலேயே நின்று, அவள் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.