நாற்பத்தோராம் வரி

மாரிச்செல்வம் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் அந்தக் கேள்வியைப் பதிவிட்டேன். பகல் பதினொன்றரை மணி. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. மகள் மின்ஹா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். மீன் கழுவும் தண்ணீர் தெறிக்காத மூலையாகப் பார்த்து மடிக்கணினியைச் சமையல் மேடையில் வைத்திருந்தேன். நாங்கள் எழுதிப் பேசிக்கொள்ளும் இணையத்தளத்தின் 'நிரல் உதவி' பக்கத்தில் ஒழுங்காகப் பதில் சொல்கிறவர்கள் மூன்றே பேர். ஒருவர் மக்காவுக்கு உம்ரா போவதாக அறிவித்துவிட்டுப் போயிருந்தார். இன்னொருவர் எந்தக் கேள்விக்கும் 'முதலில் தேடிப் பாருங்கள்' என்பதைத் தாண்டி எழுதியதில்லை. மூன்றாமவர்தான் மாரிச்செல்வம், அபிராமம். அவர் பார்க்கக் கூடாது என்றால் யாருமே பார்க்கக் கூடாது என்றுதான் பொருள்.

அதே தளத்தின் 'சூழல்' பக்கத்தில் ஐந்து வாரமாக அவரோடுதான் எனக்குச் சண்டை. தீவுகளைச் சுற்றியுள்ள கடலை மனிதர்கள் புகாதபடி முழுவதும் மூடிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பவளப்பாறையும் கடற்பாசியும் கடற்பசுவும் வேறு வழியில் பிழைக்காது என்றார். மூடினால் பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்கள் எங்கே போவார்கள் என்பது என் கட்சி. நான் அங்கே 'வாடை' என்ற பெயரில் எழுதுகிறேன். பெரியபட்டினத்து லத்தீபா என்றோ, தோஹாவில் இருக்கும் சுஐபின் மனைவி என்றோ அங்கே யாருக்கும் தெரியாது. எல்லாருமே இப்படி ஏதாவது ஒரு பெயருக்குப் பின்னால்தான் இருக்கிறோம். மாரிச்செல்வம் ஒருவர்தான் தன் பெயரையும் ஊரையும் போட்டுக்கொண்டு அடி வாங்குகிறவர்.

எனக்கு எரிச்சல் தந்தது அவருடைய கருத்தல்ல, அவர் வாதம் செய்கிற விதம். நான் எழுதியதை முழுதாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் பதிலைத் தொடங்குவார். அதில் நானே அரைமனதோடு எழுதிய வரி ஒன்று இருக்கும். மற்றவர்கள் அந்த வரியைத்தான் பிடித்துக் கிழிப்பார்கள். அவர் அதை விட்டுவிட்டு, இருப்பதிலேயே பலமான வரிக்குப் பதில் எழுதுவார். தேர்தல் சமயத்தில் 'அரசியல்' பக்கம் தீப்பிடித்து எரிந்தபோது, எதிர்க்கட்சிக்காரரைப் பற்றித் தன் பக்கத்து ஆட்கள் சுற்றவிட்ட படம் பொய் என்று முதலில் எழுதியவரும் அவர்தான். அன்று அவருடைய ஆட்களே அவரைத் திட்டித் தீர்த்தார்கள். இப்படிப்பட்ட ஆளை வெறுப்பதற்குத் தனி முயற்சி தேவைப்பட்டது. நான் முயன்றேன். மூன்றாவது வாரம், 'ஏசி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம்' என்று எழுதினேன். முப்பத்தோரு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள். அவர், 'ஏசி இல்லை. மற்றபடி நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பாசி எடுப்பவர்களைப் பற்றிய தகவல் என்னிடம் இல்லை. உங்களிடம் இருந்தால் தாருங்கள்' என்று பதில் எழுதினார்.

என்னிடம் இருந்தது. கொடுக்கவில்லை. கொடுப்பதென்றால் பாண்டியம்மாளைக் கொடுக்க வேண்டும்.

பாண்டியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்துக் கடற்கரையில் மூன்று குடியிருப்புகளைச் சேர்ந்த அறுபத்திரண்டு பெண்கள் அவள் சொல்கிற நாளில்தான் பாசி எடுக்கக் கடலில் இறங்குவார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீர் வற்றுகிற சில நாட்கள் மட்டும்தான். மற்ற நாட்களில் நீர் வற்றினாலும் இறங்குவதில்லை. பாசி மறுபடி முளைக்க வேண்டும் என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் அது. ஆனால் கணக்கு முழுவதும் பாண்டியம்மாள் தலைக்குள் இருந்தது. போன வருடம் மஞ்சள்காமாலையில் அவள் படுத்துக் கிடந்த பதினைந்து நாளில் ஆளுக்கொரு நாள் இறங்கி, ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நான் ஒரு சின்ன நிரல் எழுதித் தருவதாகச் சொன்னேன். கீழக்கரைக் கல்லூரியில் படித்த கணினிப் படிப்பு, கல்யாணத்துக்குப் பிறகு எதற்கும் பயன்படாமல் கிடந்தது. மாதம் பிறந்ததும் எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு என்ற பட்டியல் எல்லாப் பெண்களின் போனுக்கும் போய்விடும்.

முதல் இரண்டு மாதம் சரியாக வந்தது. போன மாதம் என் பட்டியலைப் பார்த்து இருபத்திரண்டு பேர் படகில் போய், நெஞ்சளவு தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் விறைத்து நின்றுவிட்டு வெறும் பையோடு திரும்பினார்கள். பாண்டியம்மாள் என்னைத் திட்டவில்லை. "இந்த வெள்ளிக்கெழமைக்குள்ள சரி பண்ணுனா பாரு. இல்லன்னா விட்ரு தாயி, நான் பழையபடி பாத்துக்கிறேன். நம்பிக்க போச்சுன்னா மறுபடி ஆளுக்கொரு நாளு எறங்கிருவாளுக" என்றாள். நான்கு நாள் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். தவறு தெரியவில்லை. அதனால்தான் தீவுகளின் பெயர்களை எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று போட்டு, 'நீர் வற்றும் நேரம் தவறாக வருகிறது, ஏன்?' என்ற ஒற்றை வரியோடு அதைப் பதிவிட்டேன்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. அவரேதான்.

'வணக்கம் வாடை. கணக்கில் தவறில்லை. 17-ஆம் வரியில் முதல் பிறை என்று ஒரு தேதி கொடுத்திருக்கிறீர்கள். அது எங்கிருந்து எடுத்தது?'

'எங்கள் ஊர் அறிவிப்பிலிருந்து' என்று வெடுக்கென்று எழுதினேன்.

'இங்கே சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அமாவாசை வெள்ளிக்கிழமை. உங்கள் முதல் பிறை திங்கள்கிழமை. இடையில் மேகமா?'

அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆமாம், மேகம். அந்தச் சனிக்கிழமை மாலை மின்ஹாவோடு மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தது நினைவுக்கு வந்தது. ஐப்பசி மாத மேகம் வானத்தை முழுக்க மூடியிருந்தது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு போனில் ஊர் ஜமாஅத் குழுவில் ஆலிம்சாவின் குரல் வந்தது. பிறை தென்படவில்லை, ஆகவே மாதத்தை முப்பதாகப் பூர்த்தி செய்கிறோம், திங்கள்கிழமைதான் முதல் பிறை. நான் அந்தத் தேதியை அப்படியே நிரலில் போட்டேன். எங்கள் வீட்டில் நோன்பும் பெருநாளும் மவ்லிதும் அப்படித்தான் வருகின்றன, சந்தேகப்பட ஒன்றுமில்லை. வணக்கத்துக்கு அதுதான் சரி. மாதம் பிறக்கக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். கடலுக்கு யாரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. மேகத்துக்குப் பின்னாலிருந்த நிலவு யாருக்கும் தெரியாமல் அதன் பாட்டுக்குத் தண்ணீரை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அமாவாசைக்கு மறுநாளே முதல் பிறை என்று வைத்திருந்த என் கணக்கில் இரண்டு நாள் பிசகு. நீர் வற்றும் நேரம் நாளுக்கு முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். இரண்டு நாள் என்றால் ஒன்றரை மணி நேரம்.

இனிமேல் அமாவாசையிலிருந்தே தொடங்கும்படி இரண்டு வரிகளை மாற்றி எழுதி அனுப்பினார். கூடவே, 'கரண்ட் போகப்போகிறது. வந்ததும் மீதியைப் பார்க்கிறேன். ஆதார் திருத்தத்துக்கு எட்டுப் பேர் வெளியே நிற்கிறார்கள். நான் வேறு வேலை பார்ப்பது தெரிந்தால் சண்டைக்கு வருவார்கள்' என்று இருந்தது.

இ-சேவை மையம். ஒரு ஷட்டர் கடை, ஒரு மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள், கைரேகை விழாத விரல்களோடு நிற்கும் கிழவர்கள். நான் போகிற மையமும் அப்படித்தான் இருக்கும். ஏசி அறை என்று எழுதிய விரலைப் பார்த்துக்கொண்டேன். சோறு பொங்கி அடுப்பு அணைந்திருந்தது.

இரண்டு மணிக்கு மறுபடி வந்தார். '41-ஆம் வரியையும் பாருங்கள். நீர் வற்றுகிற நாட்களிலும் பாதிக்கு மேல் நிரல் தாண்டிப் போகிறது. சோதனைக்கு எழுதிவிட்டு அழிக்க மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் எடுத்துவிட்டேன். இப்போது எல்லா நாளும் வருகிறது.'

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கடலை மூடு மூடு என்று ஐந்து வாரம் மல்லுக்கு நின்ற மனிதர், மாதம் முழுவதும் அதைத் திறந்துவிட்டிருக்கிறார், உதவி என்று நினைத்து. சிரித்து முடிப்பதற்குள் கை எழுதிவிட்டது. 'அழிக்காதீர்கள். அது பிழை இல்லை. அந்த நாட்களில் அவர்கள் கடலில் இறங்க மாட்டார்கள். பாசி வளர வேண்டும் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டது.'

அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. 'அவர்கள்' என்று எழுதியிருந்தேன். 'பாசி' என்று எழுதியிருந்தேன். கடலை மூடச் சொல்கிற மனிதரிடம், யார் எந்த நாளில் எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள் என்ற பட்டியலையே கொடுத்திருந்தேன். தீவின் பெயரை மறைத்து என்ன பயன்?

அரை மணி நேரம் கழித்துத் தனிச்செய்தி ஒன்று வந்தது.

'இதை ஏன் நீங்கள் விவாதத்தில் சொல்லவில்லை?'

'சொன்னால் நம்பியிருப்பீர்களா?'

'மாட்டேன். ஆனால் இப்போது நம்புகிறேன். வாதத்தில் ஜெயிப்பதற்காக யாரும் இப்படி ஒரு வரியை நிரலுக்குள் எழுதிவைக்க மாட்டார்கள்.' சற்று நேரம் கழித்து அடுத்தது வந்தது. 'இரண்டாவது வாரம் நான் ஒன்று எழுதினேன். கடலுக்கு ஓய்வு கொடுக்க அங்கே யாருக்கும் மனமில்லை என்று. அது தவறு. அதை எழுதிய இடத்திலேயே திருத்த வேண்டும். ஆனால் அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுக்காமல் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள். அதுவரை எதுவும் எழுதமாட்டேன். இந்தக் கேள்விப் பதிவையும் இப்போதைக்கு மறைத்துவைக்கத் தள நிர்வாகியிடம் சொல்லியிருக்கிறேன். தீவுக் கடலை மூட வேண்டும் என்ற என் கருத்து மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.'

சொன்னபடியே இருந்தார். அடுத்த மூன்று நாள் 'சூழல்' பக்கத்தில் அவர் பெயரே இல்லை. 'மாரி ஓடிட்டாரா?' என்று ஒருவர் கேட்டார். 'அண்ணன் கடல்ல குதிச்சுட்டாப்ல, தேடிக்கிட்டு இருக்கோம்' என்றார் இன்னொருவர். 'ஜெயிச்சாச்சு வாடை, பிரியாணி எப்போ?' என்று எனக்குப் பாராட்டுகள் குவிந்தன. எத்தனையோ நாள் ஆசைப்பட்ட வெற்றி. அதைத் தொடவே கூச்சமாக இருந்தது. ஒரு சொல்லில் வாயடைத்துவிடக் கூடிய ஆட்களிடம், வாக்குக் கொடுத்துவிட்டதற்காகத் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முகம் தெரியாத ஒரு மனிதரின் மௌனத்தைத் துணி துவைக்கும்போதும் ரொட்டி சுடும்போதும் நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்கு என்ன பெயர் என்று யோசித்தேன். மரியாதை என்றால் போதும் என்று தோன்றியது. வீட்டுக்குள் எனக்குப் பல பேர் மேல் பாசம் உண்டு, பயம் உண்டு. மரியாதையை இப்படித் தனியாக, வேறு எதுவும் கலக்காமல் உணர்ந்தது புதிதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை புதிய பட்டியலோடு போனேன். பாண்டியம்மாள் சாலையோரம் பாசியை விரித்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அபிராமத்துல ஏது கடலு?"

"கடல் இல்லக்கா. கண்மாய்தான்."

"கண்மாய்க்காரன் கடல மூடச் சொல்றானாக்கும்! சரித்தான்." குலுங்கிச் சிரித்தாள். பிறகு மேகத்தையும் பிறையையும் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். "எனக்கு அன்னைக்கே தெரியும். அமாவாச வெள்ளிக்கெழமையாச்சே, கணக்கு ரெண்டு நாளு பிந்துதேன்னு நெனச்சேன். கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிறப் போகுதுன்னு பேசாம இருந்துட்டேன்."

"என்ட்ட சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீ கேட்டியா?"

அறுபது கிலோமீட்டர் தள்ளி, கடலே இல்லாத ஊரிலிருந்து ஒருவர் 'மேகமா?' என்று கேட்டிருக்கிறார். இவர்களுக்காக ஐந்து வாரம் வாதாடிய நான் இவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"அந்தாளு விசயத்துக்கு என்னக்கா சொல்ல? ஊரு பேரு ஆளு பேரு எதுவும் வராது. நீங்க நாளு விட்டு எடுக்கிறத மட்டும் எழுதலாமான்னு கேக்குறாரு."

"கேட்டு வரச் சொன்னானா? அவனாவா?" பாசியைப் புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "எத்தனையோ பேரு வந்தாங்க. போட்டோ புடிச்சாங்க, போனாங்க. கேட்டவன் ஒருத்தனும் இல்ல." பாசியை மறுபடி புரட்டினாள். "மொதல்ல கடலு வத்துதான்னு பாப்பம். நாளு சரியா இருந்துச்சுன்னா எல்லாருட்டயும் நானே பேசுறேன். நீயும் வா."

"நானாக்கா?"

"பின்ன? வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே கடலுக்கு நேரம் சொல்ற."

ஏசி அறை என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த அளவு சுட்டிருக்காது.

சுஐபு போன் செய்தபோது, "மச்சான், புதன்கிழமை கடலுக்குப் போறேன்" என்றேன். "எதுக்குடி?" என்றார். "நான் சொன்ன நேரம் சரியான்னு பாக்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "புர்கா நனைஞ்சா கனக்கும், பாத்து" என்றார்.

புதன்கிழமை. என் பட்டியலில் காலை ஏழு இருபதிலிருந்து. ஆறரைக்கே படகுகள் தீவருகே போய் நின்றுவிட்டன. நாற்பத்தெட்டுப் பேர் மூன்று படகுகளில் வந்திருந்தார்கள். மீதிப் பேர் நம்பி வரவில்லை. பெண்கள் பாறை கிழிக்காதபடி பழைய சேலைக் கிழிசலை விரல்களில் சுற்றி முடிந்துகொண்டு, யாரும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாள் ஒரு கம்பை அடியில் குத்தி, தண்ணீர் தொடுகிற மட்டத்தில் சிவப்புத் துணியால் ஒரு முடிச்சுப் போட்டாள். அலை வந்து முடிச்சை நனைத்துவிட்டுப் போனது. ஏழு மணிக்கும் நனைத்தது. பின்படகிலிருந்து ஒருத்தி, "லத்தீபாக்கா, இன்னைக்கும் நெஞ்சுத் தண்ணிதானா?" என்று கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. மாரிச்செல்வத்துக்கான செய்திப்பெட்டியில் நான் எழுதத் தொடங்கி நிறுத்திய 'அவர்கள்' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. இந்நேரம் அபிராமத்தில் ஷட்டரைத் தூக்கி, நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

"மணி என்ன?" என்றாள் பாண்டியம்மாள்.

"ஏழு பதினாறு."

அவள் தலையசைத்தாள். மடியிலிருந்து ஒரு கிழிசலை எடுத்து, என்னைப் பார்க்காமலேயே என் பக்கம் நீட்டினாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து என் விரல்களில் அதைச் சுற்றினேன். அலை வந்தது, போனது. மறுபடி வந்தது. அதற்கடுத்த அலை முடிச்சைத் தொடவில்லை. சிவப்புத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குக் கம்பின் ஈரம் தெரிந்தது.