ஒன்றரை மணிக் கச்சேரி

என் ஆலோசனை அறையில், நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் இரண்டு வருஷமாகத் தொங்கியது. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் வயிற்றில் பட்டை கட்டி, உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பை இயந்திரம் கோடாக வரைந்து தள்ளுமே, அந்த நீளக் காகிதத்தில் ஒரு முழத் துண்டு. நடுவில் சிவப்பு மையில் ஒரு வட்டம். வட்டத்துக்குக் கீழே, "டாக்டரம்மா காப்பாற்றிய இடம்" என்று முத்து முத்தான எழுத்து. யாராவது என் முகத்தில் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். இதை என்ன செய்வது?

மாட்டியவர் ஏகாம்பரம். மந்தைவெளியில் என் நர்ஸிங் ஹோமுக்கு இரண்டு தெரு தள்ளி, சாமி படங்களுக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருப்பவர். தொண்ணூற்று மூன்று டிசம்பரில் அவர் மனைவி சுந்தரவல்லி முதல் பிரசவத்துக்கு என்னிடம் வந்தாள்.

அன்று காலை பத்து மணிக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விட்டிருந்தால் சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்குத் தானாகவே பெற்றிருப்பாள். இயந்திரத்தின் கோடும் நிமிஷத்துக்கு நூற்று நாற்பது என்று ஆரோக்கியமாக ஏறி இறங்கியது. ஒரே ஒரு இடத்தில் அறுந்திருந்தது. அவள் புரண்டு படுத்தபோது பட்டை நழுவியதால் வந்த இடைவெளி அது. மருத்துவம் படிக்கிற பெண்கூட அதைக் கண்டு பயப்பட மாட்டாள்.

ஆனால் அன்று ஒன்றரை மணிக்கு, தி. நகரில் ஒரு சபாவில், என் பெண் ஹம்சாவின் முதல் கச்சேரி. டிசம்பர் சீசனில் மத்தியான வேளை. டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. இருந்தாலும் பத்து வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவளுக்கு அதுதான் முதல் மேடை. பிரசவ அறை வாசலில் இருந்த போனில் அழாக்குறையாகக் கேட்டாள். ஒன்றரைக்குள் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்தேன். போனை வைத்துவிட்டு, தெரு வாசலில் நின்ற ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அந்த அறுந்த இடத்தைக் காட்டினேன்.

"பாருங்க, இந்த இடத்துல குழந்தைக்குத் துடிப்பு விட்டுப் போயிருக்கு. இனிமே காத்திருந்தா ஆபத்து. ஆபரேஷன் பண்ணிடலாம்."

கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னேன். அவர் உடனே கையெழுத்துப் போட்டார். மயக்க மருந்து டாக்டர் அடையாற்றிலிருந்து வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிஜமாகவே குழந்தை தவித்திருந்தால் அந்த முக்கால் மணி நேரம் நான் உட்கார்ந்து காபி குடித்திருப்பேனா? ஏகாம்பரத்துக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் லூயிசாவுக்குத் தெரியும். பதினைந்து வருஷமாக என்னோடு இருப்பவள். கருவிகளை எடுத்து வைத்தாள்.

பெண் குழந்தை. பிறந்ததும் வார்டே அதிர அழுதது. ஏகாம்பரம் என் காலில் விழுந்தார். ஒன்று இருபதுக்கு நான் சபாவில் முதல் வரிசையில் இருந்தேன். ஹம்சா நன்றாகப் பாடினாளாம். என் காதில் ஒரு பாட்டும் ஏறவில்லை.

குழந்தைக்குக் காமாக்ஷி என்று என் பெயரையே வைத்தார்கள். அந்தக் காகிதத்தையும் ஏகாம்பரம் வாங்கிப் போயிருந்தார். லூயிசாவைக் கேட்டதற்கு, "கேட்டாரு, குடுத்துட்டேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். முதல் பிறந்த நாளுக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து அவரே ஆணியும் அடித்தார். எந்த மூஞ்சியோடு வேண்டாம் என்பேன்? அந்த மாதிரிக் காகிதம் வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். அதனால் ஜன்னல் திரையை எப்போதும் விலக்கியே வைத்தேன். வெட்கங்கெட்ட வேலைதான். இரண்டு வருஷத்தில் கோடு பாதி மறைந்துவிட்டது. வட்டம் மட்டும் பளிச்சென்று இருந்தது. வேறு டாக்டர் யாராவது வந்தால் வராந்தாவிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன்.

போன வாரம் மூன்றாவது பிறந்த நாள். மூன்று பேரும் வந்தார்கள். சுந்தரவல்லிக்கு இப்போது ஏழு மாதம். செக்கப் எல்லாம் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில். பிரசவம் மட்டும் டாக்டரம்மா கையால்தான் என்று ஏகாம்பரம் ஒரே பிடியாக இருக்கிறாராம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம் லாரித் தண்ணீர் பிடித்துக் குடம் தூக்க முடியாமல் அவள் பட்ட பாட்டையும் அவரே சொன்னார், ஏதோ நான் தீர்த்து வைத்த கஷ்டம் போல. கையில் புதிதாக ஒரு சட்டம் இருந்தது.

"கோடு மங்கிக்கினே போவுதுன்னு போன தபாவே பார்த்தேன் டாக்டரம்மா. அப்பவே எடுத்து வச்ச ஜெராக்ஸ் நம்மகிட்ட கீது. இது அழியாது."

எனக்குப் போதும் என்று தோன்றியது. அன்றைக்குக் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை, காத்திருந்திருக்கலாம் என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். பெரிய மனுஷர்கள் செய்ததைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். லூயிசாவுக்குச் சாக்லேட் கொடுக்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

சுந்தரவல்லியைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பழைய தழும்பில் விரல் பட்டதும் எனக்குக் கூசியது. இந்த முறை சுகப்பிரசவத்துக்கே பார்க்கலாம், நான் கூடவே இருப்பேன் என்றேன். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, எப்போது ஆகும் என்று கேட்டாள். பிப்ரவரி கடைசி என்றேன்.

"அப்ப பாட்டுக் கச்சேரி எதுனா இருக்குமா டாக்டரம்மா?"

என் கை அப்படியே நின்றது. அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அன்னிக்கு நான் அங்கதான படுத்துக்கினு இருந்தேன். கச்சேரிக்கு ஒண்ணரைக்குள்ள வந்துடறேன்னு நீங்க போன்ல சொன்னது காதுல வுழுந்துச்சு. இவரு உங்கள சாமியா கும்புடறாரு. அதான் நான் ஒண்ணும் சொல்லல."

அவள் பெயரைச் சொல்லி ஏதோ பேச வாயெடுத்தேன். அவள் தலையை அசைத்துவிட்டாள்.

"அத்த வுடுங்க. பிப்ரவரில இருக்குமா, இருக்காதா? அத்த மட்டும் சொல்லுங்க."

"இருக்காது" என்றேன். குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னேன்.

"அப்ப சரி" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.