பாறையடியில் வாங்கிய வீடு

"முப்பிடாதி?"

பத்தாம் வகுப்பில் பதில் இல்லை. நாகராஜன் வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ வரல சார்."

"வரலைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? ஏன் வரல?"

"சாரல் விழுந்துட்டுல்லா சார்!" என்றாள் முன்பெஞ்சுக்காரி ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

சிரித்தாலும் அதுதான் உண்மை. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பெஞ்சுகள் காலியாகும். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அப்பனுக்குத் துணையாக ஒருவன் போவான். ரம்புட்டான் பழக் கூடைக்குக் காவலாக இன்னொருவன் உட்காருவான். சீசனுக்கு வாடகைக்கு விடும் வீடுகளில் பெண்பிள்ளைகள் பாத்திரம் தேய்ப்பார்கள். சீசன் முடிந்ததும் சிலர் திரும்பி வருவார்கள், சிலர் வரமாட்டார்கள். போன வருஷம் அப்படிப் போன ஒருத்திக்கு இப்போது இடுப்பில் பிள்ளை.

முப்பிடாதியும் அப்படிப் போய்விடுவாளோ என்று நாகராஜனுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. கணக்கில் கெட்டிக்காரி. அவர் ஒரு வழியில் போட்டுக் காட்டினால், "இதையே வேற மாதிரி போட்டா வராதா சார்?" என்று எழுந்து நிற்பாள். ஆனால் அந்த உறுத்தல் அவரிடமிருந்து கோபமாகத்தான் வெளியே வந்தது.

"பெத்தவங்களுக்கே அக்கறை இல்ல. நாம என்னத்தச் செய்ய?" என்றார் ஆசிரியர் அறையில்.

எதிரே இருந்த முஹ்ஸினா டீச்சர் சோற்று டப்பாவை மூடினார். "அக்கறை இல்லாம இல்ல சார். நேத்தும் அவ வீட்டுக்குப் போனேன். அவ அம்மா உலகம்மாள், பிள்ளை பக்கத்துலதான் வேலைக்குப் போறா, சீக்கிரம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிருதேங்கா. எந்த வீடுன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கா. நீங்களும் ஒரு நா வாங்களேன். ஒங்க வீடும் அங்கனதான இருக்கு?"

"பாப்போம், பாப்போம்."

"ஒங்க வாசல்ல ஒரே காரா நிக்கி. விருந்தாளுகளோ?"

"ஆமா. சொந்தக்காரங்க," என்றார் நாகராஜன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அது பொய். அந்தப் பொய்க்குப் பின்னால் ஒரு வீடு இருந்தது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருப்பது பாறையடி. ராத்திரியானால் ஆட்டோ வராது, பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று பேர் வாங்கிய இடம். இப்படிப்பட்ட பின்தங்கிய பகுதிகளில் ஆசிரியர்கள் வீடு வாங்கினால் பாதி விலையை அரசே ஏற்கும் என்று ஒரு திட்டம் வந்தது. ஒரே நிபந்தனை, வாங்கியவர் அங்கேயே குடியிருக்க வேண்டும்.

முஹ்ஸினா டீச்சரும் நாகராஜனும் ஆளுக்கொரு வீடு வாங்கினார்கள். டீச்சருக்கு மேலத்தெரு, இவருக்குக் கீழத்தெரு.

டீச்சரின் கணவர் துபாயில் வேலை பார்த்தார். "பொம்பளையாளு தனியா பாறையடியிலயா?" என்று சொந்தமெல்லாம் தடுத்தது. டீச்சர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பால் காய்ச்சினார், அன்றைக்கே தங்கினார். முதல் வாரம் தெருவே அவரை வேடிக்கை பார்த்தது. அடுத்த வாரம் ஒருத்தி ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து, "இதுல என்ன எழுதியிருக்கு டீச்சர்?" என்று நின்றாள். பிறகு வீட்டுப்படி முழுக்கப் பிள்ளைகளாயிற்று. எரியாத தெருவிளக்குக்காக டீச்சர் விடாமல் போன் செய்தார். விளக்கு வந்தது, விளக்குக்குப் பின்னால் ஆட்டோவும் வந்தது. குடித்துவிட்டு மனைவியை அடிக்கப்போன ஒருவன், "சத்தம் போடாதட்டி, டீச்சர் காதுல விழுந்திரும்" என்று கையை இறக்கியதாகக்கூட ஒரு கதை உண்டு.

நாகராஜனும் பால் காய்ச்சினார், அதோடு சரி. அவர் மனைவி வித்யாலட்சுமி முடிவாகச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு மக கல்யாணப் பத்திரிகையில பாறையடின்னு போடுவியளோ?" எனவே குடித்தனம் தென்காசி வாடகை வீட்டிலேயே தொடர்ந்தது. பாறையடி வீட்டுச் சாவி, சாலையோரம் நின்று போகிற கார்களைப் பார்த்துச் சாவிக்கொத்தை ஆட்டுகிற புரோக்கர் மணிமுத்துவின் கைக்கு, சீசன் வாடகைக்கு விடுவதற்காகப் போனது. யாராவது விசாரித்தால், "சார் ஊருக்குப் போயிருக்காவ" என்று அவனே சமாளித்துக்கொள்வான்.

அன்றைக்கு மத்தியானம் மணிமுத்துவே போன் செய்தான்.

"அண்ணாச்சி, மோட்டார் ஓடல. அருவியில வெள்ளம், குளிக்க விடல. விருதுநகர் பார்ட்டி பூரா வீட்டுலயே கெடந்து ஆக்கித் திங்காவ. தண்ணி இல்லைன்னு என்னையப் புடிச்சி ஏசுதாவ. அந்த மோட்டாரைக் கிளப்புத வித்தை ஒங்களுக்குத்தான தெரியும்?"

கடைசிப் பீரியடுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு நாகராஜன் வண்டியை எடுத்தார்.

வீட்டுக் கூடத்தில் எண்ணெய் மினுமினுக்கும் உடம்போடு நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். "ஓனரா? வாங்க சார், பிரியாணி சாப்பிடுங்க!" என்றார் ஒருவர். அவர் பதில் சொல்லாமல் பின்கட்டுக்குப் போனார். மோட்டார் அருகே ஒரு பெண் தலையை அண்டாவுக்குள் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அந்தக் கொடத்தக் கொஞ்சம் நகட்டு."

தலை வெளியே வந்தது. கன்னத்தில் சாம்பல், முழங்கைவரை கரி. முப்பிடாதி.

அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"சார்! என்னையத் தேடியா வந்திய?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தது. அதற்குள் அவள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "யம்மா! எங்க கணக்கு சார் என்னையத் தேடி வந்திருக்காவ!"

சுவருக்கு அந்தப்புறம்தான் அவர்கள் வீடு. பீடி சுற்றிக்கொண்டிருந்த உலகம்மாள் முறத்தை வைத்துவிட்டுச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாங்க சார். தப்புதான். ஏசிப்போடாதிய. சீசன்ல சேத்தாதான் எங்களுக்கு வருசம் ஓடும். அவ அப்பா அருவிக்கரையில எண்ணெ தேய்க்காவ. குளிக்க விடலைன்னா அவியளுக்கு வேலை ஏது?"

"அதுக்காக வயசுப்பிள்ளைய இப்படி கண்டவங்க தங்குத வீட்டுக்கு அனுப்புவியா?"

"கண்ட வீட்டுக்கு அனுப்புவனா சார்? மணிமுத்து சொன்னான், இது ஒரு வாத்தியார் வீடுன்னு. வாத்தியார் வீட்டுல என் பிள்ளைக்கு என்ன கெடுதல் வந்திரும்? அந்த ஒரு நம்பிக்கையிலதான் அனுப்புனேன்."

நாகராஜன் மோட்டாரை விட்டு ஓரடி தள்ளி நின்றார். "அந்த வாத்தியாரைப் பாத்திருக்கியா?"

"எங்க சார்! பால் காய்ச்ச வந்தாவளாம். நான் அன்னைக்குப் பீடிக்கடைக்குப் போயிருந்தேன். பொறவு எட்டிப் பாக்கல. அவியளுக்கு எங்க தெரு பிடிக்கல போல."

கடைசிப் பீரியடு இல்லாததால் முப்பிடாதியைத் தேடி வந்த முஹ்ஸினா டீச்சர் அப்போதுதான் உலகம்மாள் வீட்டு முற்றத்துக்குள் நுழைந்திருந்தார். பேச்சுக் குரல் கேட்டுச் சுவரோரம் வந்தார்.

"பாத்தியளா டீச்சர், சாரும் பிள்ளையத் தேடி வந்துட்டாவ!" என்றாள் உலகம்மாள் பெருமையாக.

டீச்சர் நாகராஜனைப் பார்த்தார். அது யார் வீடென்று தெரிந்த டீச்சருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாலு பேர் நடுவில் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. "அப்படியா சார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியில் ஏளனம் இல்லை, அதுதான் நாகராஜனை நிற்கவிடாமல் செய்தது.

"இல்ல டீச்சர்," என்றார். "உலகம்மா, நான் மோட்டாரைப் பாக்க வந்தேன். இது என் வீடு. அந்த வாத்தியார் நான்தான்."

உலகம்மாள் வீட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பிடாதிதான் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் ஒங்க வீட்டுலதான் வேலை செய்யுதேன்னு ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாது."

"டீச்சர் வீடா இருந்தா அவியளுக்குத் தெரிஞ்சிருக்கும் சார்."

பிள்ளை குத்திக்காட்டச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். நாகராஜன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டா முன்னால் உட்கார்ந்தார்.

"நீ போயி பொஸ்தகத்த எடு. மிச்சத்த நான் தேய்க்கேன்."

"சார், ஒங்களுக்குத் தேய்க்கத் தெரியாது. அடி பிடிச்சிருக்கு!"

"வேற மாதிரி தேய்ச்சாலும் போகும்லா? ஏட்டி, போ!"

கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த சீட்டாட்டக்காரர் ஒருவர், "ஏய், ஓனரே பாத்திரம் வெளக்குறாருப்பா!" என்று வியந்தார். உலகம்மாள் பதறி நாகராஜன் கையிலிருந்து தேங்காய் நாரைப் பிடுங்கினாள். "எந்திரிங்க சார். இந்த வேலைய நான் பாக்கேன். பிள்ளை நாளைக்கு வருவா. எனக்கும் தெரியும் சார், அவ படிப்புதான் எங்களுக்குக் கதின்னு. கேக்க ஆளில்லாதப்ப மனசு வழுக்கிருது."

"இனிமே கேக்க ரெண்டு பேரு இருக்கோம்," என்றார் டீச்சர் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து.

மணிமுத்துவிடம் சாவியைத் திரும்பக் கேட்டபோது அவன் சண்டைக்கே வந்தான். "சீசன் உச்சத்துல வெளையாடாதிய அண்ணாச்சி!" வித்யாலட்சுமியோ அழுதாள். நாகராஜன் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "நம்ம வீடுன்னு நம்பி ஒருத்தி மகளை அனுப்பியிருக்கா லட்சுமி. அந்த நம்பிக்கைய நான் யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கேன்." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கும் நம்ம மக வயசுதான் இருக்குமோ?" என்றாள். "ஒண்ணு ரெண்டு கூடக்கொறைய" என்றார் அவர். விருதுநகர்க்காரர்கள் காலி செய்த மறுநாளே சாமான்கள் பாறையடிக்கு ஏறின.

முப்பிடாதி வகுப்புக்கு வந்தாள். காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம், புதிதாக மாற்றலாகி வந்த விஸ்வநாதன் என்ற இளம் ஆசிரியர் நாகராஜனிடம் ரகசியமாக விசாரித்தார்.

"சார், பாறையடியில இன்னும் வீடு இருக்காம்லா? பாதி வெலைக்கு வாங்கி சீசனுக்கு விட்டா நல்ல லாபம்னு மணிமுத்து சொல்லுதான். நெசமா?"

பக்கத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த முஹ்ஸினா டீச்சரின் பேனா நின்றது. நாகராஜன் நாற்காலியை விஸ்வநாதன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அரசாங்கம் வாத்தியாருக்கு வீடு குடுக்குதுன்னுதான் நானும் நெனச்சேன் தம்பி. அது வாத்தியாருக்குக் குடுத்த வீடு இல்ல, தெருவுக்குக் குடுத்த வாத்தியாரு. டீச்சர் அதை முதல் நாளே தெரிஞ்சிக்கிட்டாவ. எனக்கு ஒரு பிள்ளை கையில கரியப் பாத்த பொறவுதான் தெரிஞ்சது. அங்க இருக்க மனசு இருந்தா வாங்கு, நானே வந்து பால் காய்ச்சித் தாறேன். பூட்டிப் போடவோ வாடகைக்கு விடவோ வாங்குனா, ஏழைக்குச் சேரவேண்டியதத் திருடுனவங்கதான் நாம. வாத்தியார் செஞ்சா திருட்டு இல்லைன்னு தனிக் கணக்கெல்லாம் கெடையாது."