உடைக்கிற கார்

உலக யுத்தம் முடிந்து ஒரு வருடமாகியும் நாகேந்திரத்தின் காருக்கு யுத்தம் முடியவில்லை. இருட்டடிப்புக் காலத்தில் பூசிய கறுப்பு, முன்விளக்குகளில் அப்படியே இருந்தது. பெற்றோல் பங்கீட்டால் நாலு வருடம் கொட்டிலில் கிடந்ததில், வெள்ளவத்தைக் கடற்காற்று சக்கரங்களுக்கு மேலிருந்த மட்காட்டுகளைத் துருவாக்கிவிட்டது. கன்வஸ் கூரையில் ஓட்டை. இருக்கைகளுக்குள்ளிருந்து தும்பு எட்டிப் பார்த்தது. பெற்றோல் திரும்பக் கிடைத்தபின் எஞ்சின் மட்டும் ஒரு குறையுமில்லாமல் ஓடியது.

"ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையிலை இருந்து பழைய இரும்பு வாங்கிற மர்ஸூக் வாறார். உடைச்சுச் சாமானாக் கொண்டுபோகட்டும். கந்தோரிலை பியோன்கூடச் சிரிக்கிறான்" என்றார் நாகேந்திரம்.

சிங்களம் தெரியாமல் தனியே பஸ் ஏற அவர் மனைவி பத்மாவதிக்குப் பயம். கார் போனால் வீட்டையும் சந்தையையும் தவிர அவளுக்கு வேறு கொழும்பு இல்லை.

"எனக்கு நாலு நாள் தாங்கோ. நான் திருத்துறன்."

"உமக்கு விசரே? நீர் கராஜ் வைச்சிருக்கிறீரோ?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரி. உடைக்க வாற மர்ஸூக்கே 'இது உடைக்கிற கார் இல்லை' எண்டு சொல்லட்டும். அப்ப வைச்சிருப்பம்."

"சொன்ன சொல்லு மாறக்கூடாது."

"ஓம், ஓம்."

புதன்கிழமையே அவள் விளக்குகளின் கறுப்பைச் சுரண்டத் தொடங்கினாள். விளிம்பில் பித்தளை தெரிந்தது. குத்துவிளக்கு மினுக்குகிற கைக்குப் பித்தளையைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? பழப்புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஜவாஹிறா எட்டிப் பார்த்தாள். "என்னா அக்கா, காரைக் கறி ஆக்கப் போறீங்களா?"

"ஓம், வாரும். உப்புப் பாத்துச் சொல்லும்."

சிரித்துக்கொண்டே போனவள், உடைந்த குடையொன்றின் துணியோடு திரும்பி வந்தாள். அதை இரட்டையாக மடித்து, நூலுக்கு மெழுகு பூசிக் கூரை ஓட்டையைத் தைத்தார்கள். வியாழக்கிழமை, பழைய யன்னல் திரைகள் இருக்கை உறைகளாயின. காலடிக்குப் பனையோலைப் பாயை அளவாக வெட்டி, விளிம்பு மடித்துப் போட்டாள். வெள்ளி முழுவதும் துருவோடு மல்லுக்கட்டினாள். அரத்தாள் தேய்ந்தது, விரலும் தேய்ந்தது.

சனிக்கிழமை பெயின்ற். கட்டி இல்லாமல் பழைய வேட்டித் துணியில் வடித்தாள். தூசி எழும்பாமல் கொட்டில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தாள். பொழுதுபடுவதற்குள் காரின் மூக்கு எருமைக்கன்று போலக் கறுத்து மினுங்கியது.

ஞாயிறு காலை, குளித்துவிட்டு வந்த நாகேந்திரம் கொட்டில் வாசலில் நின்றுவிட்டார். எஞ்சினை ஒருக்கால் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க நினைத்தவர், ஸ்டார்ட் பண்ணுமுன் வழக்கமாகச் செய்வதைத் தன்னையறியாமல் செய்தார். குழைத்த திருநீற்றை மூன்று விரலால் பொனட்டில் இழுத்தார்.

"ஐயோ! அது இன்னும் காயேல்லை!"

மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பச்சையாகவே இருந்த பெயின்ற், மூன்று வாய்க்கால்களாகக் குழிந்து திருநீற்றை வாங்கிக்கொண்டது. பத்மாவதி துணியோடு ஓடி வந்தாள். அந்த நேரம் பார்த்து வாசற்படலை திறந்தது. மர்ஸூக்.

அவர் காரைச் சுற்றி வந்தார். மட்காட்டைத் தட்டினார். இருக்கையில் அமர்ந்து எழும்பினார்.

"இதாரு செஞ்ச வேல, ஐயா?"

"இவதான்." நாகேந்திரம் கறுத்த விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"சோக்கா ஈக்கி" என்று மெச்சினார். "இது என்னா?" மர்ஸூக்கின் விரல் பொனட்டைக் காட்டியது.

"அது... பழக்கத்திலை..."

மர்ஸூக் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒடக்கக் குடுக்கிற காருக்கு ஆராச்சும் திருநீறு பூசுவாங்களா? குடுக்கிற எண்ணம் ஒங்கட வாயில மட்டுந்தான் ஈக்கி, கையில இல்ல. இது ஒடக்கிற கார் இல்ல ஐயா!"

"கேட்டனீங்களோ?" பத்மாவதியின் குரல் வேலிக்கு அப்பாலும் கேட்டது. அங்கே ஜவாஹிறா கைதட்டினாள்.

நாகேந்திரம் தலையைச் சொறிந்தார். தலைமயிரிலும் பெயின்ற் ஒட்டியது.

"வாங்கோ நானா, உங்களைக் கொட்டாஞ்சேனையிலை கொண்டுபோய் விடுறம்" என்ற பத்மாவதி, எப்போதும் ஏறுகிற பின்கதவை மர்ஸூக்குக்குத் திறந்துவிட்டுத் தான் முன்னால் ஏறினாள். காரை உடைக்க வந்தவர் யன்னல் திரை உறையின் மேல் மாப்பிள்ளை மாதிரிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

காலி வீதியில் பஸ்ஸொன்றை முந்துகையில் நாகேந்திரம் மெல்லக் கேட்டார். "அந்த மூண்டு கோட்டுக்கும் மேலை இன்னொருக்காப் பெயின்ற் அடிப்பமே?"

"தொட்டுப் பாருங்கோ பாப்பம்" என்றாள் அவள், கை நீட்டி ஹோர்னை அழுத்தியபடி.