எல்லாப் பாலத்துக்கும் ஒரே விடை

பாலத்தின் மீது அவள் யானைகளை ஏற்றியது கோபத்தில்தான்.

நடைபாலங்களை வடிவமைக்கும் சின்ன அலுவலகம் அது. நாலு மேசை, ஒரு பிரிண்டர், ஒரு சித்தப்பா. முதலாளி, தலைமைப் பொறியாளர், பிரிண்டரில் தாள் சிக்கினால் எல்லோரையும் திட்டுபவர் எல்லாம் அவரே. அவள் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆற்றுப் பாலத்தின் வரைபடத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் முதன்முறையாக அவள் கையெழுத்து விழப்போகிறது. பன்னிரண்டு மணிக்குள் அது நகராட்சிக்குப் போயாக வேண்டும். அந்த ஒரு கையெழுத்துக்காகப் புதுப் பேனாவே வாங்கியிருந்தாள்.

கூட்டம் நடந்தால் பாலம் எவ்வளவு ஆடும் என்று கணித மென்பொருள் சொல்லிவிடும். எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பது உட்படக் கணக்கை வரிவரியாக ஒரு ஃபைலில் எழுதி, அதன் பெயரைச் சொல்லி 'லோடு' கொடுத்தால் போதும். முன்னூறு பேரை நடக்கவிட்டாள். 'ஆட்டம் நான்கு மில்லிமீட்டர். பாதுகாப்பானது.' சந்தோஷம் தாங்காமல் மூவாயிரம் பேரை ஏற்றிப் பார்த்தாள். அதே நான்கு. எங்கேயோ உதைத்தது. எண்களை மாற்றி மாற்றி அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் ஐம்பது யானைகள். அதற்கும் பாலம் மசியவில்லை.

எந்த ஃபைலைப் படித்தாய் என்று மென்பொருளையே கேட்டாள். பொது ஃபோல்டரில் இருக்கும் ஏழு வருடப் பழைய ஃபைலை என்று அது கூசாமல் சொன்னது.

சித்தப்பாவுக்கு ஒழுங்கு என்றால் உயிர். எந்தப் பாலமானாலும் அதன் ஃபோல்டரில் இருக்கும் கணக்கு ஃபைலுக்கு 'சோதனை' என்றுதான் பெயர் வைக்க வேண்டும். மாதிரிக்காக, இந்த அலுவலகம் தொடங்கியதும் வடிவமைத்த முதல் பாலத்தின் 'சோதனை'யைப் பொது ஃபோல்டரில் போட்டு, மென்பொருள் ஃபைல் தேடும் பட்டியலில் அந்த ஃபோல்டரை முதலிடத்தில் உட்கார வைத்திருந்தார். மென்பொருளுக்கு என்ன வந்தது? முதலில் கைக்குக் கிடைத்த 'சோதனை'யை எடுத்துக்கொண்டது. ஏழு வருடத்தில் கட்டியவை அதையும் சேர்த்து ஐந்து பாலங்கள். மற்ற நாலுக்கும் அந்த முதல் பாலமே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறது. 'பாதுகாப்பானது' என்று வந்த விடையை யார் குடைந்து பார்ப்பார்கள்?

தன் ஃபைல் இருக்கும் இடத்தை முழுதாகக் குறிப்பிட்டு லோடு செய்தாள். வெறும் முன்னூறு பேர்தான். ஆட்டம் அறுபத்தொன்று. ஆபத்தானது. பேனாவைப் பார்த்தாள், அழுகை வந்தது.

"சித்தப்பா, நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"மணி பதினொண்ணு ஆகுது. விளையாடாதே."

"நீங்களே வந்து பாருங்க."

வந்தார். கேட்டார். முகம் சிவந்தது. "இருபத்தஞ்சு வருஷமா பாலம் கட்டறேன். நேத்து வந்தவ நீ, எனக்குக் கணக்குச் சொல்லித் தர்றியா?"

ரயில் பாதைக்கு மேலே அவர் கட்டிய பாலத்தின் ஃபைலை அதே மாதிரி லோடு செய்தாள். ஐம்பத்தெட்டு. ஆபத்தானது.

சித்தப்பா பேயறைந்த மாதிரி அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"இன்னும் பெருங்கூட்டம் ஏறல, அதான்."

"சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதே. ஆபீஸ் மானம் போயிடும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் போனை எடுத்துச் சித்தியிடம் பேச ஆரம்பித்திருந்தார்.

"நான்தான். சாயங்காலம் பேங்க்லேருந்து வர்றப்ப அந்த ரயில் பாலத்துல ஏறாதே. சுத்திக்கிட்டு வா... தூரம்னா என்ன, ஆட்டோ பிடி... ஏன்னு கேக்காதே, சொன்னதைச் செய்."

வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி மட்டும் சுத்தி வந்தாப் போதுமா, சித்தப்பா?"

அவர் போனை மறுபடி எடுத்து வேறொரு எண்ணை அழுத்தினார்.

"நகராட்சிங்களா? சரிபாக்கற வரைக்கும் பாலத்தை மூடணுங்க... ஆமா, நான் கட்டினதுதான்." திரையை ஒரு முறை பார்த்தார். "ஒண்ணு இல்லைங்க. நாலு."